ஒரே வீட்டில் இரண்டு நாய்கள்



வீட்டில் நாய் வளர்ப்போர் நம்மிடையே பலர் உண்டு. ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு, மூன்று வளர்ப்போரும் உண்டு. பெரும்பாலும் அவை ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் ஒரு நாள், யாரும் எதிர்பாராத நேரத்தில், அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து கடித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, அந்த நேரமே வராமல் காப்பது எப்படி? இவற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

இது நாங்கள் பட்டு அறிந்த பாடம். ஷா ஆலமில் வரிசை வீடு ஒன்றில் வசிக்கிறோம். எங்களிடம் இரண்டு பெண் நாய்கள். மூத்தது மணி, எட்டு வயது. இளையது செல்லி, இரண்டு வயது. ஒரு மாலை கார் வந்து நிற்க, ஆட்டோ கேட் திறக்கத் தொடங்கியது. இரண்டும் வழக்கம்போல் ஓடி வந்தன. அதே சமயம் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு போயிற்று. அதை நோக்கிக் குரைத்த மணியும் செல்லியும் அடுத்த நொடியே ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. வாசலில் நின்ற எங்கள் அம்மா, "ஏய், விடு!" என்று கத்தியபடி இரண்டுக்கும் நடுவே கையை நீட்டினார். தினமும் அவர் காலடியில் படுத்து உறங்கும் மணிதான் அவர் மணிக்கட்டைக் கடித்தது.

அம்மாவுக்கு நீரிழிவு நோய் உண்டு. காயம் ஆற வெகு நாளாயிற்று. இன்றும் அந்தக் கையால் தேங்காய் துருவ அவரால் முடிவதில்லை. ஆனால் அவர் மணியைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அது என்னைக் கடிக்கல. நடுவுல வந்த கையைக் கடிச்சது" என்றார். படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

நம் முன்னோர் தோட்டங்களில் வாழ்ந்தபோது நாய்கள் இப்படிச் சண்டையிடவில்லையா என்று கேட்கலாம். சண்டையிட்டன. இன்று ஷா ஆலம் நகரம் நிற்கும் இடமே ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்ட நிலம்தான். லயங்களில் நாய்கள் கட்டின்றித் திரிந்தன. இரண்டு முறைத்துக்கொண்டால், தோற்கும் நாய் வாலை மடக்கிக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடிவிடும். வென்றது சிறிது தூரம் துரத்திவிட்டுத் திரும்பும். அதோடு பல சண்டைகள் முடிந்துவிடும்.

1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராயிற்று, 2000இல் மாநகரமாயிற்று. தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்தோம். நாயையும் கூடவே அழைத்து வந்தோம். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள மனை, முன்னே கார் நிற்கும் முற்றம், சுற்றிலும் சுவர், வாசலில் இரும்புக் கேட். இங்கே தோற்கும் நாய் எங்கே ஓடும்? ஓட வழியில்லாததால் அது நின்று கடிக்கிறது. எதிரியும் விலகிப் போகாமல் மீண்டும் பாய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதில் விளங்கும். ஒரே வீட்டு நாய்களுக்கு வேண்டியது, ஒன்றையொன்று விட்டு விலக ஒரு வழி. அந்த வழியை அமைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

சண்டை எங்கே மூளுகிறது என்று கவனித்தால், மூன்று இடங்கள் முன்னே வந்து நிற்கும். முதலாவது கேட். தெருவில் போகும் பூனையையோ குப்பை லோரியையோ கண்டு நாய் கொதிக்கிறது. கம்பிக்கு அப்பால் இருப்பதை எட்ட முடிவதில்லை. அந்தக் கொதிப்பு பக்கத்தில் நிற்கும் தோழன்மேல் திரும்பிவிடுகிறது. இரண்டாவது உணவுத் தட்டும், எலும்பும், கீழே விழுந்து கிடக்கும் தின்பண்டமும். மூன்றாவது நாமே! ஆம், நம் மடியும், நம் காலடியும், நாம் தடவிக்கொடுக்கும் கையும்கூட நாய்களுக்குப் போட்டிப் பொருள்தான்.

அமெரிக்காவிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவர்கள், ஒரே வீட்டில் சண்டையிட்ட 38 ஜோடி நாய்களை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் 30 ஜோடிகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. பெண் நாய்கள் சாது, அவை சண்டையிடா என்பது நம்மவர் நம்பிக்கை. அந்த ஆய்வில் ஆண்களைவிடப் பெண் நாய்களே மிகுதியாக இடம்பெற்றிருந்தன. சண்டைக்குக் காரணமாக அதிகம் காணப்பட்டவை உணவும், வீட்டாரின் கவனமும், மிகுந்த பரபரப்புமே ஆகும்.

சரி, விளையாட்டு எது, சண்டை எது என்று எப்படிப் பிரித்தறிவது? விளையாடும் நாயின் உடல் தளர்ந்திருக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தித் தோழனை அழைக்கும். ஒரு முறை ஒன்று துரத்தும், மறு முறை மற்றது துரத்தும். சண்டைக்கு ஆயத்தமாகும் நாய் விறைத்து நிற்கும். வாய் மூடியிருக்கும், கண் இமைக்காமல் வெறிக்கும், வால் உயர்ந்து கம்பிபோல் நிற்கும். ஒன்று போகும் வழியை மற்றது மறித்துக்கொண்டு படுக்கும். பல சமயம் பெருஞ்சண்டைக்கு முன் சத்தமே இராது.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது பழமொழி. ஊர்ப்பேச்சுக்கு அது பொருந்தலாம். வீட்டுப் பாதுகாப்புக்குப் பொருந்தாது. குரைத்த நாயும் கடிக்கும். உறுமல் என்பது "எட்டிப் போ" என்னும் எச்சரிக்கை மணி. உறுமியதற்காக நாயை அடித்தால், அது உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும் நாய் ஒன்று நம் வீட்டில் வளரும். ஆகவே உறுமல் கேட்டால் திட்டாதீர்கள். இயல்பான குரலில் ஒன்றைப் பெயர் சொல்லி அழைத்து, வேறு பக்கம் கூட்டிச் செல்லுங்கள்.

இனி, சண்டை மூண்டே விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி இதுதான்: நடுவே கையை நீட்டாதீர்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவும் போகாதீர்கள். அந்த நொடியில் நாய்க்கு நம் முகம் தெரியாது; தொட்டதைக் கடிக்கும். சிறிய நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வதும் ஆபத்து. பெரிய நாய் நம்மீதே பாயும். பிரம்பாலோ துடைப்பத்தாலோ அடித்தால், வலியை எதிரி தந்ததாக எண்ணி நாய் இன்னும் இறுக்கிக் கடிக்கும். மிளகாய்த்தூள் தூவுவோரும் உண்டு. அது நாயின் கண்ணையும் கெடுக்கும், நம் கண்ணையும் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதற்றத்தில் கேட்டைத் திறந்துவிடாதீர்கள். சண்டை தெருவுக்குப் போய்விடும்.

குழந்தைகளை உடனே உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். நம் அண்டை வீட்டார் பலர் இஸ்லாமியர். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படித் தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஆகவே நாய்ச் சண்டையை விலக்க அவர்களைக் கூவி அழைப்பது முறையாகாது. நம் வீட்டு நாயை நாமே சமாளிக்கும் ஆயத்தம் நமக்கு வேண்டும்.

எப்படிச் சமாளிப்பது? முதலில் சத்தம். எவர்சில்வர் தட்டுகள் இரண்டை ஒன்றோடொன்று ஓங்கித் தட்டுங்கள். அல்லது இரும்புக் கேட்டை ஒரு கரண்டியால் பலமாகத் தட்டுங்கள். மூண்டு சில நொடிகளே ஆன சண்டை இதிலேயே விட்டுப்போவதுண்டு. அடுத்தது தண்ணீர். கார் கழுவும் ரப்பர்க் குழாயை எப்போதும் முன் குழாயோடு இணைத்து வைத்திருந்தால், முகத்தில் வேகமாக நீரைப் பாய்ச்சலாம். மூன்றாவது தடுப்பு. ஒரு பலகை, துணிக்கூடை, பிளாஸ்டிக் நாற்காலி, விரித்த குடை, இவற்றில் எதையேனும் இரண்டுக்கும் நடுவே நுழைக்கலாம். தடித்த போர்வையை மேலே போட்டால், கண் மறைந்து ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தில் பலகை நடுவே போய்விட வேண்டும்.

இவை எதுவும் பலிக்காமல், வீட்டில் வலுவுள்ள பெரியவர்கள் இருவர் இருந்தால் மட்டும், கடைசி வழி ஒன்று உண்டு. இருவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கம் பற்றித் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னோக்கி இழுப்பதுபோல் நடக்க வேண்டும். நேராக நில்லாமல் சற்று வளைந்து நடந்தால் நாய் திரும்பிக் கடிப்பது கடினம். கதவுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும்வரை விடக்கூடாது. ஒன்று மற்றதைக் கவ்விப் பிடித்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி தளரும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த வழியிலும் நாம் கடிபட வாய்ப்புண்டு. தனியாக இருப்பவர் இதை முயலவே கூடாது.

பிரித்த பிறகு இரண்டையும் தனித்தனி அறையில் விட்டுக் கதவை அடையுங்கள். ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. கிரில் கதவு போதாது, பலகைக் கதவு வேண்டும். நம்மவர் சிலர் உடனே இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்திச் சமாதானம் செய்யப் பார்ப்பார்கள். அந்தச் சமாதானம் இரண்டாவது சண்டையில் முடியும். நாயின் உடலில் ஏறிய கொதிப்பு உடனே இறங்கிவிடாது. சில நாள்கள்கூடப் பிரித்து வைக்க நேரலாம்.

மனிதர் கடிபட்டிருந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இரத்தம் மிகுதியாக வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளையோ காப்பித்தூளையோ காயத்தில் அப்ப வேண்டாம். சிறு துளைதானே என்று விட்டுவிடவும் வேண்டாம். நாயின் பல் கையில் ஆழமாக இறங்கும். மூட்டுக்குள்ளும் தசைநாருக்குள்ளும் கிருமி போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நோய்த்தடுப்பு மருந்தும் இசிவுநோய் ஊசியும் தேவையா என்பதை அவரே சொல்வார்.

வெறிநாய்க்கடியையும் நாம் மறந்துவிடலாகாது. அந்த நோய் நம் நாட்டில் இல்லை என்று ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது; 2017இல் சரவாக்கில் பரவியது. ஆகவே கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, சண்டையில் தெருநாய் ஏதும் கலந்துகொண்டதா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாயின் காயத்தையும் மேலோட்டமாகப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நாயின் தோல் தளர்ந்தது. பல் குத்தி இழுக்கும்போது வெளியே மிளகு அளவு துளையும், உள்ளே உள்ளங்கை அளவு கிழிசலும் இருக்கலாம். மயிரை விலக்கி உடல் முழுதும் பாருங்கள். கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ கடி இருந்தால், அல்லது சிறிய நாயைப் பெரிய நாய் கவ்வி உலுக்கியிருந்தால், அன்றே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈறு வெளுத்துப்போனாலோ, மூச்சு விடாமல் இரைத்தாலோ, சோர்ந்து விழுந்தாலோ தாமதிக்கவே கூடாது. நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றுள் சில நாய்க்கு நஞ்சாகும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கருத்தையும் பார்த்துவிடுவோம். "நாய்க் கூட்டத்தில் ஒன்றுதான் தலைவன். அடித்துக்கொண்டு யார் தலைவன் என்று அவையே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று பலர் சொல்வார்கள். இதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர் ஓநாய்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவர் பார்த்தவை விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்கள். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறகு அதே மெக், காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கண்டு, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்.

நமக்கு இதில் என்ன பாடம்? அடைபட்ட இடத்தில்தான் ஓநாயும் ஓயாமல் மோதிக்கொண்டது. சுவர் சூழ்ந்த நம் முற்றமும் அப்படிப்பட்ட இடமே. அங்கே "தீர்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டால், ஒன்று முடமாகும், அல்லது சாகும். ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கு ஒத்திகையாகும்.

அப்படியானால் வீட்டை எப்படி ஒழுங்கு செய்வது? கேட்டிலிருந்து தொடங்குவோம். ஆட்டோ கேட்டின் பொத்தானை அழுத்துமுன் நாய்கள் உள்ளே இருக்க வேண்டும். வருகிறவர் தெருமுனையில் இருந்தே தொலைபேசியில் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ளவர் இரண்டையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடலாம். கேட்டின் கீழ்ப்பாகத்தைப் பலகை கொண்டு மறைத்தால் தெருவைக் கண்டு கொதிப்பதும் குறையும். தீபாவளி, புத்தாண்டு போன்ற பட்டாசு நாள்களில் ஆளுக்கொரு அறையில் வைப்பதே நல்லது.

உணவை ஒன்றுக்கு முன்முற்றத்திலும் மற்றதற்குச் சமையலறைக்குப் பின்னும், நடுவே கதவை அடைத்துக் கொடுங்கள். உண்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பை அப்படியே போட்டு வைக்காதீர்கள். மடியைப் பொறுத்தவரை, ஒன்று நம்மிடம் கொஞ்சல் பெறும்போது மற்றது வேறு அறையில் இருக்கட்டும். பிறகு அதன் முறை. படுக்கையும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டுக்கும் தனித்தனியே, தூரத் தூர இருக்கட்டும்.

திடீரென்று சண்டை தொடங்கினால், காரணம் நோயாகவும் இருக்கலாம். பல்வலி, காதுப்புண், மூட்டுவலி உள்ள நாய், யாரேனும் இடித்தாலே சீறும். ஆகவே முதலில் மருத்துவச் சோதனை செய்யுங்கள். கருத்தடை அறுவையைப் பற்றியும் கேளுங்கள். பருவக் காலத்தில் எழும் போட்டிகளை அது குறைக்கும். ஆனால் எல்லாச் சண்டைக்கும் அதுவே மருந்தாகிவிடாது.

மீண்டும் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். காயம் ஆறிய பிறகு, வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் உரிமையில்லாத ஒரு பொதுவழியில், ஆளுக்கொரு பெரியவர் கயிற்றில் பிடித்து, நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடந்து செல்லுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றது அமைதியாக இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துண்டு கோழி இறைச்சி கொடுங்கள். "அது வந்தால் எனக்கு நல்லது கிடைக்கும்" என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊன்றும். இடைவெளியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறையுங்கள். விறைப்புத் தெரிந்தால் பழைய இடைவெளிக்கே திரும்புங்கள். கூடை போன்ற வாய்க்கவசத்தையும் பழக்கலாம். அதை அணிந்திருக்கும்போதும் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடிய வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது இன்றியமையாதது.

இத்தனையும் செய்தும் சில ஜோடிகள் சேர்ந்து வாழா. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. 2017இல் அமலுக்கு வந்த நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், உரிமையாளரின் கடமைகளைச் சொல்லும்போது, ஒரு விலங்கு மற்ற விலங்குகளோடு சேர்ந்தோ அல்லது அவற்றினின்று பிரிந்தோ இருக்க வேண்டிய தேவையையும் கணக்கில் கொள்கிறது. பிரித்து வைப்பதும் பராமரிப்பே. வீட்டுக்குள் பிரித்து வைக்க முடியாதென்றால், முழு உண்மையையும் சொல்லி, வேறு நாய் இல்லாத நல்ல வீடு தேடிக் கொடுக்கலாம். தெருவில் விட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம். இன்னொரு நாய் வாங்க எண்ணுவோர், எத்தனை நாய்க்கு உரிமம் உண்டு என்பதை உங்கள் நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதோடு, நம் வீட்டில் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செல்லியைக் கொடுத்துவிடுவதா என்று பல இரவுகள் பேசினோம். வேண்டாம் என்று தடுத்தவர் கடிபட்ட அம்மாதான். முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு கூடுதலாகப் போட்டோம். காலையில் மணி முன்னே, செல்லி பின்னே, மாலையில் மாறிக்கொள்ளும். மாதங்கள் பல கடந்தன. இப்போது அந்திப்பொழுதில், இரண்டு பேர் கயிற்றைப் பிடித்திருக்க, இரண்டும் அருகருகே நடந்து வருகின்றன. பழைய நட்பு திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டோம். சண்டை திரும்பவில்லை என்று மட்டும் சொல்வோம்.

நேயர்களே, நாய்கள் மோதும்போது நம் பதைப்பு நம் கையை முன்னே நீட்டச் சொல்லும். அந்தக் கையை அடக்கிக்கொண்டு, பலகையை எடுங்கள், கதவைச் சாத்துங்கள். இன்று மாலையே உங்கள் முற்றத்தில் ஒரு பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வையுங்கள். ரப்பர்க் குழாயையும் முன் குழாயோடு இணைத்து வையுங்கள். அவை என்றுமே தேவைப்படாமற் போனால், அதைவிட நல்லது வேறொன்றும் இல்லை.